யாரோ கை வச்சிருக்காவ

டீ குடிச்சாச்சா சார்? வாங்க, உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும். இந்த நாற்காலியில உக்காருங்க, ஃபேன் காத்து வரும். உங்க செட்டு ஆன்லதான் கெடக்கு. அரை மணி நேரம் சூடாகணும் பாத்துக்கிடுங்க. பழைய எஃப்.எம். ஸ்டீரியோ ரேடியோ செட்ட எடுத்த எடுப்புல திருகிப் பாக்கக் கூடாது. சூடானாத்தான் உள்ள இருக்குத காயில் எல்லாம் ஒரு நெலைக்கு வரும். அதுக்குப் பெறவுதான் அலைன்மென்ட்டு, காயிலத் திருகிச் சுதி சேக்குத வேல. எட்டிப் பாக்காதீங்க சார், வெளிச்சம் மறைக்கு. உக்காருங்க.

டீ குடிக்கப் போவ முன்னால ஒண்ணு கேட்டிய. "இத ஏற்கெனவே யாராச்சும் தொறந்திருக்காவளா?"ன்னு. நான் பதில் சொல்லல. காது மந்தம்னு நெனச்சிருப்பிய. நல்லாவே கேட்டுச்சு. அந்தக் கேள்விய யார் கேட்டாலும் எனக்கு வாய் வராது. ஏன்னு சொல்லுதேன், எப்படியும் அரை மணி நேரம் இருக்குல்லா.

எங்க தொழில்ல ஒரு வாக்கியம் உண்டு. "இதுல ஏற்கெனவே யாரோ கை வச்சிருக்காவ." இந்த ஒண்ணப் படிச்சுக்கிட்டாப் போதும், பாதி மெக்கானிக்கு ஆயிரலாம். செட்டு சரியாச்சுன்னா, எவனோ கெடுத்து வச்சத நான் சரி பண்ணேன். சரியாகலன்னா, எவனோ கெடுத்துட்டான், நான் என்ன செய்ய. ரெண்டு பக்கமும் நமக்குத்தான் நல்ல பேரு. யார் மனசும் நோவாது. அப்படித்தான் நானும் நெனச்சிருந்தேன்.

இங்க தூத்துக்குடியில நம்ம கடைக்கு ஒரு பேரு உண்டு சார். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்லுதேன். கப்பல்ல போனவங்க, துபாய் போனவங்க கொண்டாந்த ஜப்பான் செட்டு இந்த ஊர்ல எத்தன இருக்கோ, அத்தனையும் இந்த மேசைக்கு வந்து போனதுதான். திருச்செந்தூர்ல இருந்து வருவாவ, நாசரேத்ல இருந்து வருவாவ. நீங்களே விருதுநகர்ல இருந்து பஸ்ஸுல மடியில வச்சித் தூக்கிட்டு வந்திருக்கிய. "வைகுண்டமணி கையில குடு, பேசாத செட்டும் பேசும்"னு யாரோ சொல்லித்தான வந்திய? அந்தப் பேருதான் சார் என்னக் கெடுத்துச்சு.

தஸ்நேவிஸ் மோத்தான்னு ஒரு பெரியவரு. கப்பல்ல எஞ்சின் பக்கம் ஆயில்மேனா இருந்தவரு. எழுபத்தெட்டுல ஜப்பான்ல கோபே துறைமுகத்துல எறங்கி ஒரு ரேடியோ ரிசீவர் வாங்கிட்டு வந்திருக்காரு. வெள்ளி மூஞ்சி, மரப் பொட்டி, பெரிய டயலு. டியூனிங் குமிழ ஒரு சுத்து சுத்திவிட்டா அது பாட்டுக்கு உருண்டு போயி நிக்கும், அந்தக் கனம். ஸ்டீரியோ பிடிச்சிட்டுன்னா செவப்பா ஒரு பல்பு எரியும். ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சி வந்து, கைகால் கழுவி, அது முன்னால உக்காந்தாருன்னா மத்தியானம் சாப்பாடு வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. கடலுக்கு அந்தாண்ட கொழும்பு ஸ்டேஷன் இவரு வீட்டுல அடுத்த தெருவுல பாடுத மாதிரி கேக்கும். அத வேற யாரும் தொடக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். தூசி தொடைக்கிறதுகூட அவரு கையாலதான், பழைய பனியன் துணி வச்சி.

வீட்டுல அவரு, மகன் கிளாட்வின், மருமக, ஏழு வயசுப் பேத்தி ஜெர்லின். பெரியவரு சம்சாரம் முன்னாலயே போய்ச் சேந்துட்டாவ. இந்த கிளாட்வின் சின்னப் பிள்ளையில ஒரு காரியம் பண்ணிருக்கான். அப்பா சிங்கப்பூர்ல வாங்கிட்டு வந்த கேமராவக் கழத்திப் பாத்திருக்கான். திருப்பி மாட்டுனதுல ரெண்டு ஸ்க்ரூ மிச்சம். அத தென்னமரத்தடியில பொதைச்சிட்டு, ஒரு மாசம் "நான் தொடல, நான் தொடல"ன்னே சாதிச்சிருக்கான். பன்னெண்டு வயசுல பண்ணது சார். அத அந்த வீட்டுல முப்பது வருசமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ. என்கிட்டயே பெரியவரு நாலு தடவ சொல்லிருக்காரு. அதுதான் பின்னால வெனையாப் போச்சு.

ஆறு வருசம் முன்னால செட்ட எங்கிட்டக் கொண்டாந்தாரு. கிளாட்வின்தான் ஆட்டோவுல வச்சிக் கொண்டாந்தான், பெரியவரு முன்னால, பொட்டியோட அவன் பின்னால. "வைகுண்டம், பாட்டுல 'ச' வர்ற எடமெல்லாம் கரகரங்கு. செவப்பு லைட்டு கண்ணடிக்கி"ன்னாரு. வயசான செட்டுக்கு வரக்கூடியதுதான். கடேசி காயில ஒரு முடி அளவு திருப்புனா சரியாயிரும். காயில்னா, நகத்தளவு தகர டப்பா. அதுக்குள்ள கருப்பா ஒரு திருகு. இரும்பு மாதிரி தெரியும், இரும்பு இல்ல. பீங்கான் சாதி. அத பிளாஸ்டிக் டூல் வச்சித்தான் திருப்பணும். கம்பெனிக்காரன் அது அசையாம இருக்க மெழுகு ஊத்தி வச்சிருப்பான். மொதல்ல சூடு காட்டி மெழுக இளக்கணும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா சார்? நாப்பது வருசமா தெரியும்.

அன்னைக்கு என்னோட பிளாஸ்டிக் டூலு முனை தேஞ்சி வழுக்குது. புதுசு உள்ள டப்பாவுல இருக்கு. எந்திரிச்சிப் போயி எடுக்கணும். நாலு அடி. எந்திரிக்கல. பக்கத்துல கெடந்த சின்ன இரும்புத் திருப்புளிய எடுத்தேன். நம்ம கைக்கு அது போதாதான்னு ஒரு திமிரு. வச்சி லேசா ஒரு அழுத்து. 'டக்'குன்னுச்சு. கல்கண்டக் கடிச்சா எப்படி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். திருகு ரெண்டா விண்டுபோச்சு. பாட்டு மொத்தமும் செதறிப்போச்சு, செவப்பு லைட்டு அணைஞ்சே போச்சு.

அது மாதிரி காயிலு கடையில வாங்குத சரக்கு இல்ல. அதே மாடல் செட்டு ஒண்ணு செத்தாத்தான் கெடைக்கும்.

மறுநாள் காலையில பெரியவரு வாராரு. வேட்டியத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, சிரிச்ச மொகமா. "என்ன வைகுண்டம், ஆச்சா?"ங்காரு. சத்தியமாச் சொல்லுதேன், உள்ளதச் சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். வாய் பழக்கப்பட்டதத்தான் சொல்லுச்சு. "பெரியவரே, இதுல ஏற்கெனவே யாரோ கை வச்சிருக்காவ."

எல்லாரும் என்ன சொல்லுவாவ? "அப்படியா? சரி, பாத்துச் செய்யுங்க"ன்னுட்டுப் போயிருவாவ. நாப்பது வருசத்துல ஒருத்தர்கூட அடுத்த கேள்வி கேட்டதில்ல. இவரு கேட்டாரு. "யாரு?"

"காட்டு"ன்னாரு. லென்ச வச்சிக் காட்டுனேன். ரெண்டா விண்ட திருகு, அதுக்கு மேல டப்பா ஓரத்துல பளபளன்னு புதுசா ஒரு கீறல். என் திருப்புளி போட்ட கீறலு சார். நானே வெரல நீட்டிக் காட்டுதேன், "பாருங்க, இரும்பு வச்சிக் கிண்டிருக்காவ. தொழில் தெரிஞ்சவன் இப்படிச் செய்ய மாட்டான்"னு. இப்படியும் ஒரு மனுசன் இருப்பானா? இருந்தேன். எதுத்தாப்புல உக்காந்துதான் இருக்கேன்.

அவரு ரொம்ப நேரம் லென்சுலயே பாத்தாரு. "கேமராவுக்கு அப்புறம் திருந்திட்டான்னுலா நெனச்சேன்"ன்னு மெதுவா சொன்னாரு. நான் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். "அவனா இருக்காது பெரியவரே"ன்னாவது சொல்லிருக்கலாம். சொல்லல. அவரா நெனச்சா நான் என்ன செய்யன்னு இருந்துட்டேன். நான் அவன் பேரச் சொல்லலல்லா? இப்பவும் அதச் சொல்லித்தான் மனசத் தேத்திக்கிடுதேன். நான் பேரு சொல்லல.

வீட்டுல போயி மகனக் கூப்பிட்டு நிறுத்திருக்காரு. "தொட்டேன்னு சொல்லு, போதும். உடைச்சதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அவன் "தொடல டாடி"ங்கான். இவரு திரும்பக் கேக்காரு, அவன் திரும்பச் சொல்லுதான். கடேசியில அவன் ரோசப்பட்டு, சொவத்துல இருந்த மாதா படத்த நோக்கிக் கைய நீட்டி, "மாதா மேல சத்தியமா தொடல"ன்னுட்டான். அதுதான் பெரியவருக்குத் தாங்கல. செட்டு போனாப் போவுது, மாதா மேலயே பொய்ச் சத்தியம் பண்ணுதானேன்னு. அன்னையிலருந்து மகன்கூடப் பேச்சு இல்ல. மருமக வச்ச சோத்தத் தொடல. தானா ஒரு அடுப்பு வாங்கிக் கஞ்சி வச்சிக் குடிச்சாரு. ரெண்டு மாசம் பாத்துட்டு கிளாட்வின் பெஞ்சாதி பிள்ளையக் கூட்டிக்கிட்டு முத்தையாபுரத்துக்கு வீடு மாத்திப் போயிட்டான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, அவனே வந்து சொன்னான். இந்த நாற்காலியிலதான் உக்காந்தான், இப்ப நீங்க உக்காந்திருக்குத நாற்காலி. "அண்ணாச்சி, மனசறியக் கேக்கேன், நீங்க பாத்தது நெசந்தானா? கீறல் இருந்துச்சா?"ன்னான். "இருந்துச்சு தம்பி"ன்னேன். அது பொய் இல்ல பாத்துக்கிடுங்க, கீறல் இருந்துச்சுதான்.

அவன் தலையப் புடிச்சிக்கிட்டான். "நான் தொடல. டாடி தொட மாட்டாரு. எம் பொண்டாட்டிக்கு ஸ்க்ரூ டிரைவர் எதுன்னே தெரியாது. அப்ப பிள்ளையாத்தான் இருக்கும்னு நேத்து ஜெர்லினப் போட்டு அடிச்சிட்டேன் அண்ணாச்சி. 'சொல்லு, நீதான தொட்ட, சொல்லு'ன்னு. கையில வெரலு தடம் விழுந்துட்டு. அது 'இல்ல டாடி, இல்ல டாடி'ன்னே அழுது உறங்கிட்டு." சொல்லிட்டு அவனும் அழுதான்.

அப்பவாவது சொல்லிருக்கலாம்லா? சொல்லலாம். வெளிய ரெண்டு கஸ்டமர் நின்னாவ சார். அவுக முன்னால எப்படிச் சொல்ல? "பிள்ளைய அடிக்காத தம்பி"ன்னு புத்தி சொன்னேன். எவ்வளவு பெரிய யோக்கியன் பாருங்க. சோடா வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சேன்.

அதுக்குப் பெறவு எனக்கு உறக்கம் இல்ல. மாதா கோயில்ல அப்பனும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பெஞ்சுல உக்காருதாவ, மகன் இந்தப் பக்கம் வந்தா அப்பன் எந்திரிச்சி அந்தப் பக்கம் போறாருன்னு கேள்விப்படும்போதெல்லாம் சோறு எறங்காது. ரெண்டு வருசம் அந்தக் காயிலத் தேடுனேன். மதுர, திருச்சி, நாகர்கோவிலு, எந்தப் பழைய இரும்புக் கடையையும் விடல. கடேசியில காயல்பட்டினத்துல ஒரு வீட்டு மாடியில அதே மாடல் செட்டு, எலி குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தது, கெடைச்சது. அந்தக் காயில மட்டும் எலி விட்டு வச்சிருந்தது. பஸ்ஸுல வரும்போது சட்டப் பையில போட்டு மேல கைய வச்சிக்கிட்டே வந்தேன்.

பஸ்ஸுலதான் அந்த யோசன வந்துச்சு. எனக்கே என்னப் பாத்துப் பெருமையா இருந்துச்சு. என்ன யோசனன்னா, காயிலு கிளாட்வின் தேடிக் குடுத்ததுன்னு சொல்லிருவோம். அப்பனுக்கு மனசு எளகிரும். மகன் வந்துருவான். செட்டும் பாடும், குடும்பமும் சேந்துரும், என் பேருக்கும் ஒண்ணும் வராது. ஒரு பொய்யால பிரிஞ்சத இன்னொரு பொய்யால சேத்துட்டாக் கணக்கு சரியாயிரும்லான்னு நெனச்சேன். கோட்டிக்காரன்.

ஒரு ஞாயித்துக்கிழம பெரியவரு வீட்டுக்கே டூலெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன். ஆளு பாதியா எளைச்சிருந்தாரு. செட்டு அதே மேசையில பனியன் துணி போத்திக் கெடக்கு. பாடாத செட்ட ரெண்டு வருசமா தொடைச்சிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. காயில மாத்துனேன். அரை மணி நேரம் சூடாக விட்டேன். பிளாஸ்டிக் டூல வச்சி, மூச்சப் புடிச்சிக்கிட்டுத் திருப்புனேன். கொழும்பு ஸ்டேஷன் வந்துச்சு பாருங்க, ஒரு பொம்பளக் கொரலு வணக்கம் சொல்லுது, 'ச' எல்லாம் கண்ணாடி மாதிரி. செவப்பு லைட்டு எரிஞ்சிச்சு, ஆடாம அசையாம நின்னுச்சு. பெரியவரு கண்ணுல தண்ணி. "இது எங்க கெடைச்சது வைகுண்டம்?"ன்னாரு.

"கிளாட்வின் தம்பி தேடிக் கொண்டாந்து தந்தான் பெரியவரே. ரெண்டு வருசமா அலைஞ்சிருக்கான்"ன்னேன்.

அவரு எந்திரிச்சிப் போயி போனப் போட்டாரு. "வீட்டுக்கு வா. பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா." அவ்வளவுதான் சொன்னாரு. நான் கெளம்புதேன்னேன். "இரு, காபி குடிச்சிட்டுப் போ. நீயும் இருக்கணும்"ன்னுட்டாரு.

மூணு பேரும் வந்தாவ. பெரியவரு வாசல்லயே அவன் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டாரு. "உடைச்சதும் நீ, தேடிக் கொண்டாந்ததும் நீ. எனக்கு அது போதும்டே. இப்பவாவது வாயத் தொறந்து சொல்லிரு. நான்தான் டாடின்னு ஒரு வார்த்த. நான் கண்ண மூடுத முன்னால அந்தச் சத்தியத்த நீ எறக்கி வைக்கணும்"ன்னாரு.

கிளாட்வின் செட்டப் பாத்தான். பாடுது. என்னப் பாத்தான். அவன் எந்தக் காயிலையும் எங்கயும் தேடல, அது அவனுக்குத் தெரியும். தேடுனவன் யாரு, எதுக்குத் தேடுனான், அவன் பேர எதுக்குச் சொன்னான், அம்புட்டும் அவனுக்கு வெளங்கிட்டு. அவன் கண்ணுல நான் பாத்தேன் சார். நான் காபி டம்ளரப் புடிச்சிக்கிட்டு நிக்கேன். அவன் வாயத் தொறந்தா என் மானம் போச்சு. போவட்டும்னுகூட நெனச்சேன். நெனச்சேன், ஆனா நான் வாயத் தொறக்கல.

அவன் அப்பன் மொகத்தப் பாத்தான். தன்னப் புடிச்சிருந்த அந்தக் கையப் பாத்தான். "ஆமா டாடி. நான்தான் தொட்டேன். பொய்ச் சத்தியந்தான் பண்ணேன். மன்னிச்சிருங்க"ன்னுட்டான்.

பெரியவரு அவனக் கட்டிப் புடிச்சி அழுதாரு. மருமகளும் அழுதா. எல்லாம் நான் பஸ்ஸுல நெனச்ச மாதிரியேதான் நடந்துச்சு. ஒண்ணு மட்டும் நான் நெனக்கல. அந்தப் பிள்ள ஜெர்லின், ஒம்பது வயசு அப்ப, கதவோரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தவ, மெதுவாக் கேட்டா. "நீங்கதானா டாடி? அப்ப என்ன எதுக்கு அடிச்சீங்க?"

கிளாட்வினுக்கு மொகம் வெளுத்துப் போச்சு. என்ன சொல்லுவான் அவன்? நான் தொடலம்மான்னு பிள்ளைகிட்டச் சொல்ல முடியுமா, இப்பத்தான அப்பன்கிட்டத் தொட்டேன்னு சொன்னான்? பிள்ள அவனையே பாத்துக்கிட்டு நிக்கி. அவன் திரும்பி என்னப் பாத்தான். கோவமாக்கூட இல்ல. சும்மா பாத்தான். பெறவு, "காபி ஆறுது, குடிங்க அண்ணாச்சி"ன்னான்.

குடிச்சேன். நின்னு குடிச்சிட்டுத்தான் வந்தேன்.

நாலு வருசம் ஆச்சு. அப்பனும் மகனும் இப்ப ஒரே வீடுதான். பெரியவரு எங்க பாத்தாலும் என் கையப் புடிச்சிக்கிட்டு, "எங்க குடும்பத்தச் சேத்து வச்சவன்"ம்பாரு. பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருக்கும். நீங்க கேக்குதது புரியுது, இப்பவாவது போயிச் சொன்னா என்னன்னு. அவருக்கு நெஞ்சுல கோளாறு இருக்கு சார், தாங்க மாட்டாரு. பாருங்க, இதையும் நான்தான் சொல்லுதேன், டாக்டர் சொல்லல. அந்தப் பிள்ளைகிட்டயாவது... பதிமூணு வயசு அதுக்கு இப்ப. தெருவுல பாத்தா நான் சந்துக்குள்ள திரும்பிருவேன்.

அந்த வாக்கியத்த மட்டும் அதுக்குப் பெறவு நான் சொன்னதில்ல. நாக்க அறுத்துப் போட்ட மாதிரி விட்டுட்டேன். இன்னைக்கு வரைக்கும்.

இன்னைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு.

உங்க செட்ட யாரும் தொறந்ததில்ல சார். நீங்க கேட்டதுக்குப் பதில் இதுதான். கம்பெனியில வச்ச மெழுகு எல்லாத்துலயும் அப்படியே இருந்துச்சு. நீங்க டீ குடிக்கப் போனீயல்லா, அந்தப் பத்து நிமிசத்துல, கடேசி காயிலு, பிளாஸ்டிக் டூலுதான் வச்சேன், மெழுகு இறுகிக் கெடந்திருக்கு... இல்ல, மெழுகு மேல எதுக்குப் பழியப் போட? சூடு காட்டாம திருப்புனேன். நான்தான் உடைச்சேன். சூடாகணும்னு உங்கள உக்கார வச்சது இதச் சொல்லத் தெம்பு வரணும்னுதான். காயிலு நான் தேடித் தாரேன், எங்க இருந்தாலும் தேடித் தாரேன். அத விடுங்க. இப்ப திட்டுங்க சார். கெட்ட வார்த்தையில திட்டுனாலும் கேட்டுக்கிடுதேன். இப்படிச் சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருக்காதீங்க.